மூன்றங்குல நவரட்ணம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனுசி அன்ரனெற் போட்ட சண்டையில் பிறந்தது.

"உங்கடை கதையளிலை எப்ப பாத்தாலும் செத்தவீடு. ஒருத்தரும் சாகாமல் சந்தோசமா ஒண்டு எழுதேலாதோ?" என்று கேட்டாள். கேட்டது குசினியில், கையில் அகப்பையோடு. அகப்பை வைத்திருக்கிற ஆளோடு இலக்கியக் கொள்கை கதைக்கக்கூடாது. "ஓம், எழுதுறன்" என்றேன்.

ஆகவே ஒருத்தரும் சாக வழியில்லாத தொழில் ஒன்றைத் தேடினேன். கிடைத்தது தோட்டத்து ரயில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே ரொறன்ரோவில் ஓய்வுபெற்ற சில ஆட்கள் வீட்டுப் பின்வளவில் தண்டவாளம் போட்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத ரயில் ஓடவிடுவார்கள். பகிடியில்லை, பெரிய மனுசர்கள். அந்த ரயிலுக்கு ஸ்ரேசன் வேண்டும், விளக்குக் கம்பம் வேண்டும், இருக்க வாங்கு வேண்டும், நின்று காத்திருக்க மூன்றங்குல ஆட்கள் வேண்டும். இதையெல்லாம் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் செய்து விற்கிறது. இதில் யார் சாகமுடியும் என்று நினைத்தேன். முதல் வரியும் எழுதினேன்:

"வாகீசன் அச்சிலிருந்து ஸ்ரேசன் மாஸ்ரரைக் கழற்றியபோது வெளியே பனி—"

பனியாம்! ரொறன்ரோவில் இருந்து எழுதினால் முதல் வரியில் பனி கொட்டவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? விட்டுவிட்டேன். இந்தக் கதை நடப்பது ஜூன் மாதம். நல்ல வெயில், நுளம்புக்கடி வேறு.

2

புனிதவதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கடைசியில் மாட்டப்போவது அவர்தான்.

முந்தி பிறந்தநாள் கேக்குகளுக்கு ஐசிங் போட்டவர். கை நடுங்காது. கணவர் வாகீசன் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருந்தவர். அதை மூடியபோது அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: ரெசினைக் கலந்து அச்சில் ஊற்றுவது. ஒருநாள் விட்பியில் கிளிபோட் என்கிற வெள்ளைக்காரரின் வீட்டுக்கு வேலி திருத்தப் போனார். பின்வளவில் ரயில் ஓடுவதைக் கண்டதும் வேலியை மறந்து, குந்தியபடியே அந்த ரயிலுக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போய் வந்தாராம். வீட்டுக்கு வந்து, "இஞ்சாரும், இனி நாங்கள் ஸ்ரேசன் செய்யப்போறம்" என்றார். புனிதவதி தலையில் கை வைத்தார். நாலு சனம் கேட்டால் என்ன தொழில் என்று சொல்வது?

உடம்புகள் அச்சில் ஒரேமாதிரி வரும். தலை மட்டும் மொட்டை, கொண்டல்கடலை அளவு. மூக்கு, புருவம், மீசை எல்லாம் புனிதவதிதான் புட்டிப் பசையால் பிடித்து நிறம் தீட்டவேண்டும். முதலில் கற்பனையில் செய்து பார்த்தார். எந்த முகத்தைத் தொடங்கினாலும் அது தன்னுடைய தமக்கையாகவே வந்து முடிந்தது. ஒரு பெட்டி நிறையத் தொப்பி போட்ட, மீசை வைத்த தமக்கைமார்.

"அம்மா, உதென்ன எல்லாரும் பெரியம்மா? சோ கிறீப்பி" என்றாள் மகள் நிலக்சி.

வேறு முகத்துக்கு எங்கே போவது? உயிரோடு இருக்கிற ஆளின் முகத்தைப் பொம்மைக்கு வைத்துக் கண் திறந்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்பது புனிதவதியின் எண்ணம். யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வரும். யோசித்து யோசித்து, தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கிற பேப்பரில் ஒன்றை எடுத்துவந்து, மரண அறிவித்தல் பக்கத்தை விரித்தார். அம்மாடி, எத்தனை முகம்! அத்தனை பேரும் கோட்டும் ரையும். எங்கேயோ பயணம் போக வெளிக்கிட்டு நிற்கிற மாதிரியே இருந்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியது. முகத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டியெடுப்பார். மேசை விளக்கில் ஒட்டுவார். பார்த்துப் பார்த்துப் பிடிப்பார். தோலுக்கு ரோஸ் நிறம் அடிப்பார், வாங்குகிற ஆட்களுக்கு அந்தக் காலத்து இங்கிலீசுக்காரப் பயணிகள்தானே வேண்டும்! கடைசியாகக் கண் வைக்கிறபோது, "குறை நினையாதேங்கோ" என்று மெல்லச் சொல்லுவார்.

இப்படியாகத்தான் பிக்கரிங்கில் இருந்து விட்பி வரைக்கும் உள்ள தோட்டத்து ஸ்ரேசன்களில், ஸ்காபரோவில் காலமான எங்கடை ஆட்கள் ரோஸ் நிறத்தில் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள்.*

* இந்த இடத்தில் அன்ரனெற் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒருத்தரும் சாகமாட்டினம் எண்டனீங்கள்" என்றாள். "உவை கதை தொடங்க முதலே செத்திட்டினம், கணக்கிலை வராது" என்றேன். கதவு கொஞ்சம் பலமாகச் சாத்துப்பட்டது.

3

புனிதவதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே தொழில்தான். யாரோ ஒருவரின் மூக்கு, யாரோ ஒருவரின் நடை, வேறு நிறம் அடித்து, பெயரை மாத்தி, ஒரு மேடையில் ஒட்டிவிடுகிறேன். ஒரு வித்தியாசம், அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

(இதை இன்னும் நீட்டி எழுதி வைத்திருந்தேன். இலக்கியக் கூட்டத்தில் வாசித்தால் ஆட்கள் தலையாட்டுவார்கள். இங்கே வேண்டாம், சம்பந்தி வந்துவிட்டார்.)

4

நவரட்ணம் ஒரு கல்நெஞ்சுக்—

நவரட்ணம் பார்வைக்குக் கடுமையானவர் என்றாலும் உள்ளுக்குள்—

இரண்டும் பொய். நவரட்ணம் பிக்கரிங்கில் இருக்கிறார். மனைவி வேளைக்கே காலமாகிவிட்டதால், மகன் ஜனார்த்தனுக்குத் தலை சீவி இழுத்து, சாப்பாடு கட்டி, இடியப்பம் பிழியக்கூடப் பழகி, தனி ஆளாக வளர்த்த மனுசன். அந்த ஜனார்த்தனும் எங்கள் நிலக்சியும் ஒருத்தரையொருத்தர் விரும்பி, வீட்டில் சொல்லி, சாதகமும் பொருந்தி, மண்டபம் பார்க்கிற கட்டம் வரைக்கும் வந்தாயிற்று. நாள் குறிக்கிறது மட்டும்தான் பாக்கி. அதை நவரட்ணம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"பொம்மை விக்கிற ஆக்களோ?" என்று யாரிடமோ கேட்டாராம். அது சுற்றி வந்து புனிதவதியின் காதில் விழுந்தது. ஜனார்த்தன் நல்ல பிள்ளை, ஆனால் அப்பா முழுமனசோடு ஓம் சொல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்கிற நல்ல பிள்ளை. நிலக்சி அறைக்குள் இருந்து அழுதது தாய்க்குத் தெரியும்.

நவரட்ணம் முதல்முறை வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோதே, எங்கேயோ கண்ட முகமாக இருக்கிறதே என்று புனிதவதி யோசித்தார். கோயிலில் கண்டிருப்பேன் என்று விட்டுவிட்டார்.

வாகீசனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "மனுசனைக் கிளிபோட்டின்ரை வளவுக்குக் கூட்டிக்கொண்டு போவம். எங்கடை வேலையைக் கண்ணாலை காணட்டும். பேந்து கதைக்கமாட்டார்." ஜூனில் ஒரு சனிக்கிழமை தோட்டத்து ரயில்காரர்கள் தங்கள் வளவுகளை ஊர்ச் சனம் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குப் போவதாக முடிவாகியது.

5

(இங்கே கிளிபோட்டின் தோட்டத்தை வர்ணித்திருந்தேன். பூவின் பெயர்கள் எல்லாம் பிழை என்று அன்ரனெற் சொன்னாள். எடுத்துவிட்டேன்.)

6

நவரட்ணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டி நடந்தார். ஸ்ரேசன் மேடை வந்ததும் குனிந்தார்.

"உவர் எங்கடை பரராசா ஓவசியர் மாதிரியெல்லோ கிடக்கு!"

வாகீசனுக்கு வாயெல்லாம் பல். "ஓவசியர்தான் அண்ணை. நல்ல கண் உங்களுக்கு!"

"ஓவசியர் மோசம் போட்டாரெல்லோ?"

"ஓமோம். எங்கடை ஆக்கள் எல்லாரும் செத்துப்போன ஆக்கள்தான்" என்றார் வாகீசன், நல்ல சாமானுக்கு உத்தரவாதம் சொல்வதுபோல.

நவரட்ணம் அடுத்த பொம்மைக்கு நகர்ந்தார். "உது பாக்கியம் ரீச்சர். ஐயோ, நான் பெட்டிக்குப் பூப்போட்டனான்." குரல் கொஞ்சம் இறங்கியது. மேடையின் நுனியில் தனியாக ஒருத்தர் நின்றார். கோடு போட்ட ரை. வலது புருவம் ஒரு பழைய காயத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது.

புனிதவதிக்கு அந்த நொடியில்தான் எங்கே கண்ட முகம் என்பது பிடிபட்டது.

நவரட்ணம் தன் வலது புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். ரயில் வந்தது. மேடையில் நிற்காமல் போனது.

"வாகீசன், உது நான்."

நவரட்ணம் நிமிர்ந்தார்.

"நான் சாகேல்லை."

"இல்லையண்ணை" என்றார் வாகீசன். வேறென்ன சொல்கிறது?

கிளிபோட் கொடுத்த உப்பில்லாத வெள்ளரிக்காய்ச் சாண்ட்விச்சை நவரட்ணம் மரியாதைக்குத் தின்று முடித்தார். வாகீசனின் வான் வண்டியில் ஏறினார். வீட்டில் இறங்கும்போது, "நிறம் பறவாயில்லை" என்று மட்டும் சொன்னாராம். இது வாகீசன் சொன்னது, நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நடந்த பிழை இதுதான். இரண்டு வருசத்துக்கு முந்தி நவரட்ணத்தின் அறுபதாவது பிறந்தநாளுக்கு உறவுக்காரர் பேப்பரில் வாழ்த்துப் போட்டிருந்தார்கள். எங்கடை பேப்பரில் பிறந்தநாள் வாழ்த்து எப்படி இருக்கும்? நடுவில் முட்டை வடிவத்துக்குள் கோட் போட்ட படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே அழுகை வருகிற மாதிரி ஒரு கவிதை. அதற்கும் கீழே லண்டனிலும் ஜேர்மனியிலும் இருக்கிற சகோதரங்களின் பெயர்கள். மரண அறிவித்தல் எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கும். புனிதவதி வாசிக்கிறவர் அல்ல, வெட்டுகிறவர். நீங்களென்றாலும் வெட்டியிருப்பீர்கள்.

7

திங்கட்கிழமை போன் வந்தது.

"தங்கச்சி, எனக்கு உங்களோடை கோபமில்லை. ஆனா அந்தப் பிறந்தநாள் வந்த வருசம்தான் எனக்கு ஹார்ட் அற்றாக் வந்தது. வாகீசன் சொன்ன கணக்குப்படி, நீங்கள் அங்கை நட்டுவைச்சு ரெண்டு மாசத்திலை. செத்த சனத்தோடை வரிசையிலை நிண்டுகொண்டு நான் எப்பிடி மணவறையிலை வந்திருக்கிறது? எனக்குப் பயமாக் கிடக்கு. முதல்லை என்னை அங்கையிருந்து எடுங்கோ. எடுத்தாப்போலை நாள் குறிப்பம்."

வாகீசன் போனைப் பறித்து, "அண்ணை, அந்த ரயில் கோச்சியிலை உங்களை ஏத்தி விடட்டோ? மேடையிலை நிக்கத் தேவையில்லை" என்றார்.

"விசரோ உமக்கு? அந்தக் கோச்சி எங்கை போகுதெண்டு தெரியுமோ?"

உண்மைதான். வாகீசன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

புனிதவதி அன்றைக்கே வேறொரு பொம்மை செய்தார். அதே கோட், அதே ரை, வேறு முகம். இந்தமுறை மூன்று பேருக்குப் போன் எடுத்து, அந்த ஆள் செத்தது உறுதிதானா என்று கேட்டார். ஒருத்தர், செத்தவீட்டு வீடியோ இருக்கிறது, அனுப்பவா என்றும் கேட்டார்.

8

புதுப் பொம்மையோடு இரண்டு பேரும் விட்பிக்குப் போய், மாத்தி வைக்கட்டுமா என்று கேட்டார்கள். கிளிபோட் முடியாது என்றார்.

 கிளிபோட் கதைத்தது இங்கிலீசில். என் தமிழில் ஏறியதும் அவர் கொஞ்சம் வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். என்னால் இயன்றது இவ்வளவுதான்.

"அந்த மனிதரை என் மனைவி றீற்றா ஒட்டினாள்" என்றார். "உங்கள் பெட்டியில் இருந்த அத்தனை பேரிலும் அவரைத்தான் தெரிந்தெடுத்தாள். இவர் காத்து நிற்கத் தெரிந்தவர் என்றாள். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. நான் ரயிலை அங்கே நிற்பாட்டுவதில்லை. நிற்பாட்டினால் அவர் ஏறவேண்டும். ஏறினால் எல்லாம் முடிந்துவிடும். வேறு யாரையும் எடுங்கள். அந்த ஆசிரியையைக்கூட எடுங்கள்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். வாகீசன் வெட்கத்தில் வானுக்குள் இருந்தார். தோட்டத்தில் புனிதவதி தனியாக நின்றார். கைப்பையில் சின்னக் கத்தி, பிறஷ், புதுப் பொம்மை.

இந்த இடத்தில் நான் கிழமைக்கணக்காக மாட்டுப்பட்டு நின்றேன். சில வழிகளை எழுதியும் பார்த்தேன்.

புனிதவதி முகத்தை அந்த இடத்திலேயே மாத்தித் தீட்டுகிறார்— ஆனால் றீற்றா தெரிந்தெடுத்தது அந்த முகத்தை அல்லவா?

புனிதவதி உள்ளே போய்க் கிளிபோட்டின் கையைப் பிடித்து, மகளின் கதையைச் சொல்லி அழுகிறார், கிழவரும் அழுகிறார்— சீச்சீ.

புனிதவதி ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போகிறார். நிலக்சி—

"தம்பி" என்றார் புனிதவதி. என்னைப் பார்த்துத்தான். "கேத்தில் கொதிக்கப்போகுது. நீர் கட்டுரை எழுதிக்கொண்டு நிக்கிறீர். அழுகிறது உம்மடை பிள்ளையோ, என்ரை பிள்ளையோ?"

நான் பதில் சொல்ல முதல் அவர் முழங்காலில் இருந்து, நவரட்ணத்தைக் கணுக்காலோடு அறுத்துவிட்டார். றீற்றா போட்ட பசை லேசுப்பட்ட பசை இல்லை, சப்பாத்து இரண்டும் மேடையை விட்டு வரவில்லை. சுரண்ட நேரமில்லை. புதுப் பொம்மையைச் சப்பாத்துக்கு முன்னால் நிறுத்தி மறைத்து, காலில்லாத நவரட்ணத்தைப் பொத்திக்கொண்டு கையைப் பைக்குள் விட்டார். எழும்பினார். கிளிபோட் தட்டத்தோடு வந்தார்.

அதே நேரம் படலையில் யாரோ இருமினார்கள். அசல் நவரட்ணம்.

9

அவர் கோ ட்ரெயின் என்கிற உள்ளூர் ரயிலில் வந்தார். இதில் குறியீடு தேடவேண்டாம், மனுசனுக்கு ஹைவேயில் ஓட்டப் பயம். புனிதவதி விட்பிக்குப் போன கதையை நிலக்சி ஜனார்த்தனுக்குச் சொல்ல, அவன் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். என்னுடைய காரியம், நானே கேட்கிறேன் என்று வெளிக்கிட்டு வந்துவிட்டார்.

கிளிபோட் அவருடைய புருவத்தைப் பார்த்தார். கையிலிருந்த தட்டத்தைப் புல்லில் வைத்தார். போன சனிக்கிழமை கூட்டத்தில் கவனிக்கவில்லை, இப்போதுதான் பார்க்கிறார். தினமும் காலமை பார்க்கிற மனிதர், ஐந்தரை அடியில், படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார்.

"இவ்வளவு நாளும் நின்றதற்கு நன்றி" என்றார் கிளிபோட்.

நவரட்ணம் சண்டைக்கு என்று வழியெல்லாம் பாடமாக்கி வந்த இங்கிலீசு அந்த ஒரு சொல்லில் மறந்துபோயிற்று. கிளிபோட் சொன்ன றீற்றாவின் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "மிஸ்ரர், உங்கடை மனுசி எப்ப மோசம் போனவ?" என்றார்.

"போன வருடத்துக்கு முந்தின வருடம், செப்டெம்பர். லேபர் டே கழிந்த கிழமை."

நவரட்ணம் மேடை ஓரத்தில், புல்லில், அப்படியே இருந்துவிட்டார். அந்தக் கிழமைதான் அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடியது. டொக்டர்மார் மகனைக் கூப்பிட்டு, கடவுளை வேண்டிக்கொள்ளச் சொன்னது.

"மிஸ்ரர்" என்றார் தொழிற்சாலையில் பழகிய இங்கிலீசில், "அந்த ரெயின் எனக்கு வந்தது. உங்கடை மனுசி ஏறிட்டா."

கிளிபோட் சிரிக்கவில்லை.

"றீற்றா ஒருநாளும் சரியான ரயிலில் ஏறினதில்லை" என்றார். "பலகையைப் பார்க்கவே மாட்டாள்."

இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்.

நவரட்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புனிதவதியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் விசரன். என்னை அங்கையிருந்து அசைக்கப்படாது. கோச்சி நிக்கவும்படாது. நான் நிக்குமட்டும்தான் எனக்கு உயிர். அந்த மனுசி சும்மாவோ என்னைத் தெரிஞ்செடுத்தவ? நாளைக்கே ஐயரிட்டைப் போவம், நாள் குறிப்பம். ஆனா நான் அதிலை நிக்கவேணும், சொல்லிப்போட்டன்."

"அவர் எங்கும் போகமாட்டார்" என்றார் கிளிபோட், நவரட்ணம் அதையே இங்கிலீசில் மாத்திச் சொல்லக் கேட்டுவிட்டு.

"ஒருக்கா என்னை வடிவாப் பாப்பம்" என்று நவரட்ணம் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். கிளிபோட்டும் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

10

இனி நான் எழுதப்போவதில்லை.

முயன்று பார்த்தேன். "புனிதவதி கையை விரித்தார்" என்று எழுதினால், நவரட்ணம் தன்னைக் காலில்லாமல் காண்கிறார். அவருடைய நெஞ்சு தாங்குமா? கலியாணம் நடக்குமா? றீற்றா ஒட்டியதை அறுத்த கையைக் கிளிபோட் என்ன செய்வார்? "புனிதவதி கையை விரிக்கவில்லை" என்று எழுதினால், வேறு ஒரு செத்த மனிதரைப் பார்த்து இரண்டு கிழவர்களும் காலம் முழுக்க ஆறுதல் அடையவேண்டும். அதுவும் முகம் மாறியதையும் அந்தச் சப்பாத்தையும் யாரும் காணாவிட்டால். ஒரு பொய்யில் நிலக்சி தாலி கட்டிக்கொள்வாள், அவளுக்கு அது தெரியாது. தாய்க்கு மட்டும் தெரியும். இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. பேனையை மூடிவிட்டேன்.

ஆனால் அவர்கள் மூடவில்லை. வெயில் அடிக்கிறது. நவரட்ணம் கண்ணாடியைக் கண்டெடுத்து மூக்கில் வைத்துவிட்டார். இரண்டு முதுகுகளும் மேடையை நோக்கி வளைகின்றன. கைப்பைக்குள் புனிதவதியின் உள்ளங்கை வேர்த்து, ரோஸ் நிறம் விரலில் ஒட்டுகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவர் உங்களைப் பார்க்கிறார்.

"என்ன, பாத்துக்கொண்டே இருக்கப்போறியள்? குனிஞ்சிட்டினம். காட்டட்டோ, ஒளிக்கட்டோ? கெதியாச் சொல்லுங்கோ, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ!"